பத்திரிகை அடித்த பிறகு வந்த பில்

போன வாரம் நம் கட்டுமானக் கம்பெனியின் கடலூர் ஆபீசில் உங்கள் முன்னால் நின்று நான் பேசியதை மறந்துவிடுங்கள். நேரத்துக்கு வரவேண்டும், வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்கக் கூடாது என்றெல்லாம் அளந்தேன். அதைச் சொல்வதற்கு ரிட்டயர் ஆன ஒருத்தியை வேலை மெனக்கெட்டு அழைத்திருக்க வேண்டியதில்லை. பேச்சு முடிந்து நீங்கள் பொன்னாடை போட வந்தபோது, நான் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்துகொண்டதும் உங்களுக்கு ஒருமாதிரி இருந்திருக்கும். "மேடத்துக்கு இன்னும் கொழுப்பு அடங்கல" என்று உங்களில் யாரோ பின்வரிசையில் முணுமுணுத்தது கேட்டது. என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

காது நன்றாக இருப்பதால்தான் இதை எழுதவும் நேர்ந்தது. பேச்சு தொடங்கும் முன் வரவேற்பறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். உங்களில் ஒரு பெண், பெயர் வேண்டாம், வீடு புக் செய்திருந்த ஒரு அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் அவ்வளவு பாசம். "கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிச்சாச்சா மேடம்? இன்னும் இல்லயா? சீக்கிரம் அடிச்சிடுங்க. மொத பத்திரிகை எங்க ஆபீசுக்குத்தான் வரணும், இப்பவே சொல்லிட்டேன்." போனை வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த ஒரு கவரை டிராயருக்குள் தள்ளினாள். அந்தக் கவருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது எப்போது வெளியே வரும் என்பதும் தெரியும். அந்தக் கேள்வியை இந்தக் கம்பெனிக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவளே நான்தான்.

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் சொல்வது வீட்டின் விலை. அந்த வீட்டுக்குள் ஒரு குடும்பம் குடியேற ஆகிற செலவு வேறு. பத்திரச் செலவு தனி. கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் ஜி.எஸ்.டி. தனி. கரண்ட் இணைப்பு, தண்ணீர், சாக்கடை இணைப்பு, வக்கீல் கட்டணம், மூலைமனையாக இருந்தால் அதற்கு ஒரு தொகை, பராமரிப்புக்கு முன்பணம் என்று நம் பில்லில் வருவது ஒரு பக்கம். மின்விசிறி, வாசல் கிரில், கொசுவலை, சமையலறை அலமாரி என்று நம் பில்லில் வராதது இன்னொரு பக்கம். ஒரு மழைக்காலம் வந்தால்தான் தெரியும், பின்பக்கம் மண் கொட்டி உயர்த்த வேண்டியிருக்கும் என்பது. நம் பில்லில் பொய்க்கணக்கு கிடையாது, ரசீது உண்டு. தப்பெல்லாம் அதை எந்த நாளில் கையில் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

நான் அப்போது சிதம்பரம் கிளையில் இருந்தேன். வீடு புக் செய்வதிலிருந்து சாவி கொடுப்பது வரை பொறுப்பு என்னுடையது. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். கடைசி பில்லைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் சண்டை நடக்கும். மாமனாரைக் கூட்டி வருவார்கள், தெரிந்த வக்கீலைக் கூட்டி வருவார்கள், வாரக்கணக்கில் இழுக்கும். ஒருநாள் கல்லூரி வாத்தியார் ஒருவர் மனைவியோடு புதுமனை புகுவிழாப் பத்திரிகை வைக்க வந்தார். தட்டில் பழம், வெற்றிலை, மஞ்சள் தடவிய பத்திரிகை. தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது இல்லையா? ஆபீசில் இருந்த ஒரு ஸ்வீட் பாக்சை வைத்தேன். அவருடைய பில்லும் அன்றுதான் தயாராகியிருந்தது. கையோடு போகட்டும் என்று அதையும் தட்டில் வைத்தேன். சத்தியமாக அன்று வேறு எண்ணம் இல்லை.

அவர் பில்லைப் படித்தார். நான் சண்டைக்குத் தயாராகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவரோ பத்திரிகையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தாய்மாமன் பெயரிலிருந்து சம்பந்தி பெயர் வரை போட்டுப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. கரண்ட் இணைப்புக்குப் பணம் தகராறு, விசேஷம் தள்ளிப்போகிறது என்று எந்த முகத்தோடு சொந்தக்காரர்களிடம் போய்ச் சொல்வார்? அந்த வெட்கம் எங்களுக்கு வசூல் செய்து கொடுத்தது. அடுத்த குடும்பத்திடம் பத்திரிகை அடித்தாயிற்றா என்று கேட்டுவைத்துக்கொண்டு, அதைத் தெரிந்தே செய்தேன். முதலாளி கேட்டுவிட்டு, "உனக்கு மூளை ஜாஸ்திம்மா" என்று சிரித்தார். அந்த வருஷம் சம்பளமும் ஏறியது. எப்படியும் கட்டவேண்டிய பணம், சண்டை இல்லாமல் முடிந்தால் எல்லாருக்கும் நல்லது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம்தான், அமுதா வரும்வரை.

அமுதா சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வீட்டுக்காரருக்கு செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அதிகம் பேசமாட்டார். முதல் நாள் வந்தபோதே அவள் நேராகக் கேட்டாள். "எல்லாம் சேத்துத்தானே மேடம் இந்த வெல? பின்னாடி எதுவும் வராதே?"

"கவலையே படாதீங்கம்மா. நாங்க இருக்கோம்ல" என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

வீடு முடிகிற நேரத்தில் நான் வழக்கம்போல போன் போட்டுப் பத்திரிகை அடித்தாயிற்றா என்று விசாரித்தேன். எவ்வளவு அக்கறை இந்த மேடத்துக்கு என்று நினைத்திருப்பாள். வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். சொன்னபடியே முதல் பத்திரிகையை எங்களுக்கு எடுத்து வந்தார்கள். விளிம்பில் 'அமுதா' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. தன் கல்யாணத்துக்குப் பண்ருட்டி அண்ணன் செய்த சீரில் ஒன்று என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் குங்குமம் எடுத்துக்கொண்டேன், பத்திரிகையைச் சாமி படத்தடியில் வைத்தேன், ஸ்வீட் பாக்சையும் கவரையும் தட்டில் வைத்து நீட்டினேன். இந்த வரிசை மாறவே மாறாது.

அவள் கவரைப் பிரித்துப் படித்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா சின்ன வீடா பாத்திருப்போமே மேடம்" என்றார் அவள் வீட்டுக்காரர். அவர் என்னிடம் முழுசாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

"எல்லா எடத்துலயும் இப்படித்தான் சார்" என்றேன்.

"வாடகை வீட்டுல காலி பண்றோம்னு சொல்லிட்டோம் மேடம். வேற ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்றாள் அமுதா. "வைகாசிய விட்டா ஆனி, ஆடி. ஆவணி வரைக்கும் எங்க போய் இருக்கறது?"

"அதனாலதாம்மா முன்கூட்டியே குடுத்தேன்" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று நாக்கு கூசவில்லை.

எழுந்து போனபோது தட்டை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள். விசேஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் மட்டும் வந்து பணத்தைக் கட்டினாள், சாவியை வாங்கிக்கொண்டாள். தட்டை அவளும் கேட்கவில்லை, எனக்கும் நினைவில்லை. அதற்குள் எங்கள் ஆபீஸ் உதவியாளர் அதில்தான் வருகிறவர்களுக்கு பிஸ்கட் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விசேஷத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. கம்பெனி பெயர் போட்ட சுவர்க்கடிகாரத்தோடு காலையிலேயே போய்விட்டேன். பால் காய்ச்சி முடித்திருந்தார்கள். வாசலில் நுழையும்போதே பலாப்பழ வாசனை. பண்ருட்டியிலிருந்து அண்ணன் வண்டியில் கொண்டுவந்து இறக்கி, பந்தலில் ஆள் வைத்து அரிந்துகொண்டிருந்தார். அமுதா பட்டுப்புடவையில் இருந்தாள். கழுத்தில் புதுச் சங்கிலி, காதில் புதுத் தோடு, கையில் வளையல். எல்லாம் பளபளவென்று இருந்தன.

அவள் அண்ணி சங்கிலியைத் தொட்டுப் பார்த்து, "இது நாங்க போட்டது மாதிரி தெரியலயே?" என்றாள்.

"அது லாக்கர்ல இருக்கு அண்ணி. கூட்டத்துல எதுக்குன்னு எடுக்கல."

எனக்கு அந்தச் சங்கிலி எந்தத் தெருச் சரக்கு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. கீழ வீதிக் கவரிங். என் கழுத்தில் கிடந்ததும் அதேதான். நான் பஸ்ஸில் திருட்டு பயத்துக்குப் போட்டிருந்தேன். அவள் என்னால் போட்டிருந்தாள். தட்டில் வைத்துக் கொடுத்தேனே ஒரு கவர், அந்தப் பணத்தை அவள் எப்படிக் கட்டினாள் என்பது அங்கே விளங்கிவிட்டது. கடிகாரத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

அதற்குள் அண்ணன் பிடித்துவிட்டார். பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருப்பவர், எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல். "மேடம்தான் கம்பெனியா? எங்க போறீங்க? எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்கப்பா!" கையில் பொன்னாடை வைத்திருந்தார். "நான் கூட வரேன்னு சொன்னேன். வேணாண்ணே, எனக்குத் தெரியும்னு எங்க அமுதா தனியாப் போயி முடிச்சிச்சி. படிச்ச புள்ள! இவுங்களும் சொன்ன வெலைக்கு மேல ஒரு பைசா வாங்கலயாம். அமுதாதான் சொல்லிச்சி. நானும் ஒரு வியாபாரி. சொன்ன சொல்லுல நிக்கிற ஆளப் பாத்தா எனக்குக் கையெடுக்கத் தோணும்."

நான் அமுதாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். தான் ஏமாந்ததை அண்ணனிடம் சொல்ல வெட்கப்பட்டு, எங்களை யோக்கியர்கள் ஆக்கியிருக்கிறாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. நான் குனிந்தேன். அவர் பொன்னாடையைப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு அவமானமாக நான் எங்கும் நின்றதில்லை. யாராவது காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு வந்திருப்பேன். நீங்கள் போட வந்த பொன்னாடையைப் பார்த்து நான் ஏன் நகர்ந்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அண்ணன் ஆபீசுக்கு வந்துவிட்டார். மகனுக்காக அதே வரிசையில் ஒரு வீடு வேண்டும், அட்வான்ஸ் இதோ என்று பையை மேசைமேல் வைத்தார்.

இவரிடம் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டேன். வீட்டு விலையோடு மற்ற செலவுகள் அத்தனையையும் ஒரே தாளில் எழுதி, அட்வான்சைத் தொடும் முன்பே அவர் முன்னால் வைத்தேன். முதல் நாளில் முழுச் செலவையும் நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதெல்லாம் எதுக்கு மேடம் எனக்கு மட்டும்? தங்கச்சிக்கு இல்லயே?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 'இது இப்ப வந்த ரூல் சார்' என்று சொல்லியிருந்தால் அமுதாவின் பொய்யும் நிற்கும், வீடும் விற்கும். ஆனால் பொன்னாடை போட்ட மனிதரிடமே மறுபடி ஒரு பொய். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். என்னால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அவுங்களும் கட்டுனாங்க சார். நாங்கதான் கடைசியில குடுத்தோம். அவுங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "அப்ப அன்னிக்கு அது கழுத்துல கெடந்தது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பொன்னாடைய எப்படி மேடம் வாங்கிக்கிட்டீங்க?"

சத்தம் போடவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. விற்பனை போனாலும் உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். செய்த எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் இப்போது அதிகமாகக் கூசுகிறது. நான் சொன்னது என் உண்மையே அல்ல. அமுதாவினுடையது. 'ஒரு நாள் டைம் குடுங்க சார், கேட்டுச் சொல்றேன்' என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நேரே அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஒரு ஷேர் ஆட்டோ தூரம். எது சொல்லலாம், எது வேண்டாம், யார் சொல்வது என்று அவளைக் கேட்டிருக்கலாம். நெருக்கடியில் உடனே பதில் சொல்லவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. என் மனபாரத்தை இறக்கிவைக்க அவசரப்பட்டு, அதை அவள் தலையில் இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை சிதம்பரம் கிளையில் முழுச் செலவையும் முதல் நாளே சொன்னேன். வந்தவர்களில் சிலர் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்களால் முடியாத வீட்டை அவர்கள் வாங்கவில்லை, அவ்வளவுதான். "மொத நாளே பயமுறுத்துனா யாருமா வருவாங்க?" என்று முதலாளி கடிந்துகொண்டார். என் மேசையில் நான் மாற்றிக்கொண்டேன். ஆனால் பத்திரிகை அடித்தாயிற்றா என்ற அந்தக் கேள்வி எனக்கு முன்பே பஸ் ஏறிக் கடலூருக்கு வந்துவிட்டிருக்கிறது, போன வாரம்தான் அது எனக்குத் தெரிந்தது.

போனில் பேசிய பெண்ணே, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செய்கிறாய், அது என்னிடமிருந்து வந்தது என்று தெரியாமலே. அந்த அம்மா இன்னும் பத்திரிகை அடிக்கவில்லை என்றுதானே சொன்னார்? டிராயரில் இருக்கிற கவரை எடு. இன்றைக்கே போன் செய்து, அதில் இருப்பதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டு. திட்டுவார், வாங்கிக்கொள். இப்போது திட்டினால் அவரால் தேதியை மாற்ற முடியும், சின்ன வீடாகக் கேட்க முடியும், வேண்டாம் என்றுகூடச் சொல்ல முடியும்.

அண்ணன் வந்துபோன பிறகு அமுதா ஒரே ஒரு தடவை ஆபீசுக்கு வந்தாள். டூட்டி முடிந்து யூனிபார்மிலேயே வந்திருந்தாள். கழுத்தில் பழைய சங்கிலி, தங்கம். என் எதிரே புது ஜோடி ஒன்று உட்கார்ந்திருந்தது. அவள் உட்காரவில்லை.

"அண்ணன் நகைய மீட்டுக் குடுத்துட்டாரு மேடம். அண்ணிக்கும் தெரிஞ்சிடுச்சி, அவுங்க கையாலயே எனக்குப் போட்டு விட்டாங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "பணம் கேட்டீங்க, குடுத்தேன். அது எங்க கஷ்டம், நாங்க பட்டுக்கறோம். அத்தன பேரு எதிர்ல நான் உங்களயும் சேத்துத்தானே காப்பாத்துனேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். அவள் பார்வை என்னைத் தாண்டி மேசைமேல் போய்விட்டது. அந்த ஜோடியின் முன்னால் பிஸ்கட்டோடு அவள் தட்டு இருந்தது, விளிம்பில் அவள் பெயரோடு.

"அது என்னுது மேடம்."

அவசர அவசரமாக பிஸ்கட்டை ஒரு பேப்பரில் தட்டினேன். புடவைத் தலைப்பால் தட்டைத் துடைத்தேன். பழக்கதோஷம், வெறுமனே தரக் கூடாதே என்று கை தானாக டிராயரைத் திறந்தது. ஸ்வீட் பாக்ஸ் எதுவும் இல்லை. முன்பே புக் செய்தவர்களுக்கு நான் இன்னும் கொடுக்காத பில் கவர்கள் மட்டும் அடுக்காக இருந்தன.

அவளும் பார்த்தாள். "ஒண்ணும் வைக்காதீங்க மேடம். வெறுந்தட்டாவே குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.